செயின் வண்டி உங்கள் நிலத்தில் இறங்கும் முன்: லிவர், மோடு, செயின் தொய்வு பற்றி விவசாயி தெரிந்திருக்க வேண்டியவை

கோடை மழை ஒன்றிரண்டு பெய்து நிலம் கொஞ்சம் இளகியதும் தருமபுரி மாவட்டத்தில் செயின் வண்டிக்குக் கிராக்கி வந்துவிடும். பென்னாகரம், நல்லம்பள்ளி பக்கம் பண்ணைக்குட்டை வெட்டுவார்கள். பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் மாஞ்செடி நடக் குழி எடுப்பார்கள். அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் வாய்க்காலும் ஓடையும் தூர்வாருவார்கள். ஏரி வண்டல் அள்ளுவது எல்லாத் தாலுகாவிலும் உண்டு. இந்த வேலை எல்லாவற்றுக்கும் பணம் மணிக்கணக்கில்தான் போகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு மண் எடுக்கப்பட்டது, எடுத்த விதம் நிலத்துக்கு நல்லதா கெட்டதா என்பதை வரப்பில் குடை பிடித்து நிற்கும் விவசாயியால் பெரும்பாலும் சொல்ல முடிவதில்லை. "அவர் ஆபரேட்டர், அவருக்குத் தெரியாததா" என்று விட்டுவிடுகிறோம்.

நல்ல ஆபரேட்டருக்குத் தெரியும். ஆனால் அவர் நேற்று வரை கல்குவாரியிலோ சாலை வேலையிலோ ஓட்டியவராக இருக்கலாம். குவாரிக்குச் சரியான வேகமும் அமைப்பும் உங்கள் செம்மண் காட்டுக்குச் சரியாக இருக்காது. அதனால் வண்டியை ஓட்டத் தெரியாவிட்டாலும், எதை மாற்றி அமைக்க முடியும், எதை மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சொந்தமாக வண்டி வாங்கியிருக்கும், அல்லது ஆபரேட்டர் வேலைக்குப் போக நினைக்கும் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இது உதவும்.

முதலில் பெயர். செய்தித்தாளில் 'பொக்லைன்' என்று எழுதுகிறார்கள், ஊரில் 'ஹிட்டாச்சி' என்கிறோம். முதலாவது பிரான்ஸ் நாட்டு நிறுவனத்தின் பெயர், இரண்டாவது ஜப்பான் நிறுவனத்தின் பெயர். இரண்டுமே இயந்திரத்தின் பெயராக நம் வாயில் நின்றுவிட்டன. நான்கு டயரும் முன்னால் ஒரு பெரிய அள்ளியும் பின்னால் ஒரு கையும் உள்ள 'ஜே.சி.பி' வேறு வகை. செயின் மேல் நின்று, கேபினோடு சேர்ந்து முழு வட்டமாகச் சுழலும் வண்டியைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன். ஜே.சி.பி ஓட்டியவர் செயின் வண்டியில் ஏறும்போதுதான் பல தவறுகள் நடக்கின்றன என்பதால் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு லிவர், நான்கு வேலை

ஆபரேட்டர் சீட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு லிவர் இருக்கும். வண்டியின் கையில் மூன்று பகுதிகள் உண்டு. கேபினை ஒட்டி மேலே வளைந்திருப்பது பூம். அதன் நுனியில் தொங்குவது ஆர்ம், சிலர் ஸ்டிக் என்பார்கள். கடைசியில் பக்கெட். இந்த மூன்றோடு கேபின் சுழல்வதையும் சேர்த்தால் நான்கு அசைவுகள். இரண்டு லிவரும் முன், பின், இடம், வலம் என்று போவதால் நான்கு அசைவும் இரண்டு கையில் அடங்கிவிடுகின்றன.

இன்று வரும் பெரும்பாலான செயின் வண்டிகளில் ஐ.எஸ்.ஓ முறை இருக்கும். இடது லிவரை முன்னால் தள்ளினால் ஆர்ம் வெளியே நீளும், இழுத்தால் ஆர்ம் உள்ளே வரும். அதே லிவரை இடம், வலம் அசைத்தால் கேபின் அந்தந்தப் பக்கம் சுழலும். வலது லிவரை முன்னால் தள்ளினால் பூம் இறங்கும், இழுத்தால் ஏறும். அதை இடப்பக்கம் அசைத்தால் பக்கெட் மடங்கி மண்ணை வாரும், வலப்பக்கம் அசைத்தால் விரிந்து கொட்டும்.

பேக்ஹோ முறை என்று இன்னொன்று உண்டு. அதில் சுழற்சியும் பக்கெட்டும் அப்படியே இருக்கும். பூமும் ஆர்மும் மட்டும் கை மாறிவிடும். இடது லிவரை இழுத்தால் பூம் ஏறும், வலது லிவரை இழுத்தால் ஆர்ம் உள்ளே வரும். டயர் வண்டியில் வருடக்கணக்கில் பழகிய கை இதைத்தான் எதிர்பார்க்கும். நிதானமாக வேலை செய்யும்போது மூளை சரிசெய்துகொள்ளும். பதற்றத்தில் கை பழைய பழக்கத்துக்குத்தான் போகும்.

இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கள ஆய்வுக்குப் போன ஓர் ஊரில் தக்காளித் தோட்டத்தை ஒட்டிக் குட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வழக்கமான ஆபரேட்டர் சாப்பிடப் போக, ஜே.சி.பி ஓட்டும் தம்பி ஒருவர் "பத்து நிமிஷம்தானே அண்ணா" என்று ஏறினார். பக்கெட் பம்புசெட்டின் டெலிவரி பைப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. யாரோ "பைப்பு, பைப்பு" என்று கத்தவும், பூமைத் தூக்க நினைத்து இடது லிவரை இழுத்துவிட்டார். பூம் ஏறவில்லை. ஆர்ம் உள்ளே வந்தது, பைப்பையும் பிடுங்கிக்கொண்டு வந்தது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. காய் பிடித்த தக்காளிக்கு இரண்டு நாள் தண்ணீர் இல்லை. அந்தப் பைப்புக்குப் பதில் ஓர் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தத் தம்பியே அன்று சொல்லிச் சொல்லி நடுங்கினார்.

எனவே எந்த ஆபரேட்டர் ஏறினாலும், முதல் வேலையாகக் காலி இடத்தில் பக்கெட்டைத் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி, நான்கு அசைவையும் ஒவ்வொன்றாக மெதுவாகச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் போதும். எந்த முறை என்பதைக் காட்டும் படம் கேபினுக்குள் ஒட்டப்பட்டிருக்கும். சில வண்டிகளில் ஒரு வால்வைத் திருப்பி ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் வசதியும் உண்டு. முந்தைய ஆள் மாற்றி வைத்துவிட்டுப் போயிருந்தால், படம் ஒன்று காட்டும், வண்டி இன்னொன்று செய்யும். செய்து பார்ப்பதுதான் நிச்சயம்.

முன்னால் காலடியில் இருக்கும் இரண்டு பெடல்களும் அவற்றோடு சேர்ந்த நீண்ட லிவர்களும் செயினை ஓட்டுவதற்கு. இடது பெடல் இடது செயின், வலது பெடல் வலது செயின். இரண்டையும் முன்னால் தள்ளினால் வண்டி முன்னால் போகும் என்பது பாதி உண்மைதான். செயினை இழுக்கும் பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட், கேபினுக்குப் பின்னால் இருந்தால்தான் அப்படி. கேபின் அரைவட்டம் சுழன்று ஸ்ப்ராக்கெட் முன்னால் வந்துவிட்டால், முன்னால் தள்ளினால் வண்டி பின்னால் போகும். வேலை நடுவில் கேபின் எத்தனையோ முறை சுழன்றிருக்கும். குட்டை விளிம்பிலும் கிணற்று ஓரத்திலும் வண்டியை நகர்த்தும் முன் ஸ்ப்ராக்கெட் எந்தப் பக்கம் என்று எட்டிப் பார்க்காமல் பெடலில் கால் வைக்கக் கூடாது.

இன்னொன்று, சீட்டின் இடது பக்கம் இருக்கும் பாதுகாப்புப் பூட்டு லிவர். அதைப் பூட்டு நிலைக்குக் கொண்டுபோனால் மற்ற லிவர்கள் அசைந்தாலும் வண்டி அசையாது. பூட்டு நிலை மேலேயா கீழேயா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஆபரேட்டர் கீழே இறங்கும்போதும், யாரோடாவது பேசக் கதவைத் திறக்கும்போதும், பக்கெட் அருகே யாராவது வரும்போதும் இது பூட்டில் இருக்க வேண்டும். சட்டையின் கை நுனி லிவரில் மாட்டி வண்டி சுழன்ற கதைகள் ஆபரேட்டர்களிடம் நிறைய உண்டு, கேட்டுப் பாருங்கள்.

சீட், கண்ணாடி சரிசெய்வதெல்லாம் சொகுசு என்று நினைக்க வேண்டாம். பெடலை முழுதாக மிதித்தாலும் முதுகு சீட்டை விட்டு விலகாத அளவுக்குச் சீட்டை முன்னால் நகர்த்த வேண்டும். முழங்கை கைதாங்கியில் படிந்து, மணிக்கட்டு மட்டும் அசைந்தால் லிவர் நுணுக்கமாகப் போகும். முழுக் கையையும் தூக்கி ஓட்டுபவரின் பக்கெட் வெட்டி வெட்டி இழுப்பதைப் பார்க்கலாம், சரிவு ஒருபோதும் சமமாக வராது. வலது பக்கமும் பின்பக்கமும் ஆபரேட்டருக்குத் தெரியாது, வலப்பக்கத்தைப் பூம் மறைத்துவிடும். அந்தக் கண்ணாடி உடைந்திருந்தால் வேலை தொடங்கும் முன் மாற்றச் சொல்லுங்கள்.

ரேஸ் ஏற்றினால் மண் ஏறாது

இன்ஜின் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை அழுத்துகிறது. அந்த எண்ணெய் வால்வு வழியாகச் சிலிண்டருக்குப் போய்த் தண்டைத் தள்ளுகிறது. லிவர் செய்வது அந்த வால்வை எவ்வளவு திறப்பது என்பதை மட்டும்தான். லிவரைக் கொஞ்சம் அசைத்தால் மெதுவாகவும், முழுக்க அசைத்தால் வேகமாகவும் போகும். இன்ஜின் வேகம் கூடினால் எண்ணெய் ஓட்டம் கூடும், அசைவு வேகமாகும். ஆனால் பக்கெட்டின் தோண்டும் பலம் எண்ணெயின் அழுத்தத்தைப் பொறுத்தது. அந்த அழுத்தத்துக்கு ரிலீஃப் வால்வு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 20 டன் வகை வண்டிகளில் அது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 350 கிலோ. ரேஸ் ஏற்றினால் இந்த எல்லை ஏறாது. கல்லில் மாட்டிய பக்கெட்டை முழு ரேஸில் இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் எண்ணெய் சூடாகும், டீசல் எரியும், கல் அங்கேயே இருக்கும். "பவர் பத்தல" என்று ரிலீஃப் வால்வைத் திருகிக் கூட்டுபவர்களும் இருக்கிறார்கள். ஹோஸ் வெடிப்பதும் பம்பு போவதும் அதற்குப் பிறகுதான். அது களத்தில் தொடும் இடமே இல்லை.

ஆக்சிலேட்டர் டயலுக்குப் பக்கத்தில் மோடு பட்டன் இருக்கும். 'பி' என்பது முழு சக்தி, 'இ' என்பது சிக்கனம். பெயர்கள் கொஞ்சம் மாறலாம். ஏரி வண்டல், உழுத மேல்மண், மணல் கலந்த செம்மண் இவற்றுக்கு 'இ' தாராளமாகப் போதும். நம் மாவட்டத்தில் முக்கால் மீட்டர், ஒரு மீட்டர் கீழே போனதும் பல இடங்களில் சரளையும் சுக்கான் கல்லும் வந்துவிடும். அப்போது 'பி'க்கு மாற்றலாம். தொடக்கத்திலிருந்து முடிவு வரை 'பி'யிலேயே ஓட்டுவது குவாரிப் பழக்கம். ஆட்டோ ஐடில் என்றொரு பட்டன் உண்டு. லிவரைத் தொடாமல் சுமார் 4 விநாடி இருந்தால் இன்ஜின் தானாக வேகம் குறையும், லிவரைத் தொட்டதும் மீண்டும் ஏறும். டிப்பருக்காகக் காத்திருக்கும் வேலையில் அதை எப்போதும் போட்டு வைக்க வேண்டும். டீசல் உங்களுடையது என்று பேசியிருந்தால் இதை முதலிலேயே கேளுங்கள்.

காலையில் வந்ததும் ஐந்து நிமிடமாவது குறைந்த வேகத்தில் இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரையும் மெதுவாக நீட்டி மடக்கி எண்ணெயைச் சூடாக்க வேண்டும். மார்கழி, தை மாதக் குளிரில் இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். இதை "வாடகை நேரத்தை ஓட்டுகிறார்" என்று சந்தேகப்படாதீர்கள். அதேபோல வேலை முடிந்ததும் மூன்று முதல் ஐந்து நிமிடம் ரேஸ் குறைத்து ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும், இல்லையென்றால் டர்போ கெடும்.

ஒரு குட்டைக்கு எத்தனை மணி நேரம்?

மேலே 20 மீட்டருக்கு 20 மீட்டர், ஆழம் 2 மீட்டர் என்று ஒரு பண்ணைக்குட்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒன்றரை மீட்டர் என்ற சரிவு கொடுத்தால் அடியில் 14க்கு 14 மீட்டர் வரும். தோண்ட வேண்டிய மண் சுமார் 584 கன மீட்டர். நிரம்பினால் 5 லட்சத்து 84 ஆயிரம் லிட்டர் தண்ணீர். சுவரைச் செங்குத்தாக வெட்டினால் 800 கன மீட்டர் வருமே என்று சிலர் கேட்பார்கள். முதல் மழையிலேயே ஓரம் சரிந்து அடி மண்டிவிடும். மணற்பாங்கான இடத்தில் சரிவை இரண்டுக்கு ஒன்று என்றுகூட வைக்க வேண்டியிருக்கும்.

20 டன் வண்டியில் 0.9 கன மீட்டர் பக்கெட் என்று வைப்போம். தோண்டிய மண் கால் பங்கு உப்பும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு முறை வாரி, திருப்பி, கொட்டித் திரும்ப 20 விநாடி ஆகி, பக்கெட் 85 சதவீதம் நிரம்பி, மணிக்கு 50 நிமிடம் உண்மையாக வேலை நடந்தால், மணிக்கு சுமார் 92 கன மீட்டர் வரும். குட்டை ஆறரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே சுற்று 30 விநாடி ஆகி, பக்கெட் 70 சதவீதமே நிரம்பினால் மணிக்கு 50 கன மீட்டர்தான். வேலை பன்னிரண்டு மணி நேரத்தைத் தொடும். வண்டி அதே வண்டி, மண் அதே மண். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வாடகை.

அந்தப் பத்து விநாடி எங்கே போகிறது என்று வரப்பில் நின்றே பார்க்கலாம். கொட்டும் இடம் எங்கே என்று முன்பே குறித்துக் கொடுக்காவிட்டால் கேபின் அரைவட்டம் சுழலும். 90 பாகைக்குள் சுழன்று கொட்டும்படி இடம் அமைந்தால் நேரம் மிச்சம். ஆர்மை முழுக்க நீட்டி எட்டாத தூரத்தில் சுரண்டினால் பலமும் குறையும், பக்கெட்டும் நிரம்பாது. பூமும் ஆர்மும் ஏறத்தாழ செங்கோணத்தில் இருக்கும்போதுதான் இழுக்கும் பலம் அதிகம். அதற்கு வண்டியை அடிக்கடி சிறிது சிறிதாகப் பின்னால் நகர்த்த வேண்டும். சோம்பல்பட்டு ஒரே இடத்தில் நின்று எட்டி எட்டி வாரும் ஆபரேட்டரை நீங்களே அடையாளம் கண்டுவிடலாம். பற்கள் தேய்ந்து மொட்டையான பக்கெட்டும் நேரத்தைத் தின்னும். பல் மாற்றச் சொல்வது உங்கள் உரிமை.

மூன்று காரியங்களை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பக்கெட்டைப் பக்கவாட்டில் வீசி மண்ணைத் தள்ளுவது, மண்ணில் பல்லைப் பதித்துவிட்டுச் செயினை ஓட்டி இழுப்பது, பக்கெட்டால் ஓங்கி அடித்துக் கரையை இறுக்குவது. இவை பின்னையும் புஷ்ஷையும் கெடுக்கும் என்பது வண்டிக்காரரின் கவலை. உங்கள் கரை இதனால் இறுகாது என்பது உங்கள் கவலை. கரை இறுக வேண்டுமானால் ஒரு சாணுக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் இருக்கும்போதே உருளை ஓட்ட வேண்டும். குட்டை விளிம்புக்கும் கரை தொடங்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு மீட்டராவது காலி இடம் விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கொட்டிய மண் முழுவதும் மழையில் திரும்ப உள்ளே வரும்.

மேல்மண்ணைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள்

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் அப்பா மேட்டுக் காட்டைச் சமன்படுத்த வண்டி வைத்தார். ஆபரேட்டர் வேகமானவர், ஒரே பகலில் முடித்துவிட்டார். எல்லோரும் பாராட்டினோம். மேட்டிலிருந்த ஒரு சாண் நல்ல மண் முதலில் பள்ளத்துக்குப் போய், அதன்மேல் அடியிலிருந்த சரளை வந்து மூடியது. அடுத்த மூன்று வருடம் அந்த அரை ஏக்கரில் கொள்ளுகூட ஒழுங்காக முளைக்கவில்லை. நூற்றாண்டுகளாகச் சேர்ந்த மண் அது. ஆபரேட்டர் மேல் குறை சொல்ல முடியாது, அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

முதலில் மேலே உள்ள 15 முதல் 20 செ.மீ. மண்ணை மட்டும் சுரண்டி ஓரமாகக் குவிக்க வேண்டும். இதற்கு ரேஸ் குறைவாக இருக்க வேண்டும். பக்கெட்டின் அடிப்பாகம் தரைக்கு ஏறத்தாழ இணையாக இருக்க, ஆர்மை உள்ளே இழுத்துக்கொண்டே பூமைத் துளித்துளியாகத் தூக்க வேண்டும். இரண்டு லிவரும் ஒரே நேரத்தில் மெதுவாகப் போகும் இந்த வேலைதான் ஆபரேட்டரின் கைக்குச் சோதனை. பிறகு அடிமண் வேலை முடிந்ததும் மேல்மண்ணைத் திரும்பப் பரப்பலாம், அல்லது கரையின் வெளிச்சரிவில் போட்டுப் புல்லோ துவரையோ விதைக்கலாம். மாங்கன்றுக்கு ஒரு மீட்டர் குழி எடுக்கும்போதும் இதே முறைதான். மேல்மண் ஒரு பக்கம், அடிமண் ஒரு பக்கம் குவித்து ஆறவிட்டு, நடும்போது மேல்மண்ணைத் தொழுவுரத்தோடு கலந்து போட வேண்டும். குழிக்கு 20 டன் வண்டி தேவையில்லை, சிறிய வண்டி போதும்.

ஏரி வண்டல் எடுப்பவர்களுக்கு ஒரு சொல். வட்டாட்சியரின் அனுமதியில் எழுதியிருக்கும் இடத்திலும் ஆழத்திலும் மட்டும் எடுங்கள். கரையின் அடிவாரத்தை ஒட்டித் தோண்டவே கூடாது. வண்டலுக்குக் கீழே களி வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். அந்தக் களிதான் ஏரியில் தண்ணீரை நிறுத்துகிறது.

செயின் தொய்வு

செயின் மிக இறுக்கமாக இருந்தால் சீக்கிரம் தேயும், டீசல் கூடுதலாகப் போகும். மிகத் தொய்வாக இருந்தால் திரும்பும்போது கழன்றுவிடும். செயின் கழன்ற வண்டி உங்கள் நிலத்தில் அரைநாள் படுத்திருக்கும். மண்ணுக்கேற்ப இதை மாற்ற வேண்டும். ஈரக் களியிலும் ஏரி வண்டலிலும் மண் ஸ்ப்ராக்கெட்டில் அப்பிக்கொண்டு செயினைத் தானாகவே இறுக்கும், அதனால் சற்றுத் தொய்வாக வைக்க வேண்டும். சரளையிலும் கல்லிலும் கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம். எவ்வளவு என்பது அந்தந்த வண்டியின் கையேட்டில் மில்லி மீட்டரில் இருக்கும்.

செயினை இறுக்கக் கிரீஸ் கன்னால் உள்ளே கிரீஸ் அடிப்பார்கள், தளர்த்த வால்வைத் திறந்து கிரீஸை வெளியேற்றுவார்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் மிக அதிக அழுத்தத்தில் இருக்கும். வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திறக்கக் கூடாது, முழுக்கக் கழற்றவே கூடாது, முகத்தை அதற்கு நேராக வைக்கக் கூடாது. "கிரீஸ் வரமாட்டேங்குது" என்று குனிந்து பார்ப்பவர்களுக்குத்தான் ஆபத்து. ஹோஸில் ஊசித் துளையளவு கசிவு இருந்தாலும் இதே கதைதான். கையால் தடவிப் பார்க்காதீர்கள், ஓர் அட்டையை நீட்டிப் பாருங்கள். அந்த எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விட்டால் வெளியே சின்னப் புள்ளி மட்டும்தான் தெரியும், வலிகூட முதலில் இருக்காது. ஆனாலும் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம். மஞ்சள் பத்துப் போட்டுக் காத்திருந்தால் விரலே போகலாம்.

கிணறு, மின்கம்பி, குழந்தைகள்

தருமபுரிக் கிணறுகள் ஆழமானவை, பலவற்றின் மேற்பகுதி வெறும் மண்சுவர். 20 டன் வண்டி அருகே அதிர்ந்தால் சுவர் பேசாமல் இறங்கும். கிணற்றின் ஆழத்துக்கும் மண்ணுக்கும் தக்கபடி தள்ளியே நிறுத்துங்கள். எந்த விளிம்பானாலும் செயின் விளிம்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும், ஸ்ப்ராக்கெட் விளிம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். மண் நெகிழ்ந்தால் ஒரே மிதியில் பின்வாங்கலாம். விளிம்புக்கு இணையாக நின்றால் வெளிப்பக்கச் செயின் மொத்தமாக இறங்கிவிடும். சரிவில் ஏறும்போது பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு முழத்துக்குள் தாழ்வாக வைத்து, ஆமைப் படம் போட்ட வேகத்தில் நேராக ஏற வேண்டும். சரிவின் நடுவில் திருப்பக் கூடாது, நிரம்பிய பக்கெட்டை இறக்கப் பக்கம் சுழற்றக் கூடாது.

20 டன் வண்டியின் பக்கெட் 9 மீட்டர் உயரத்துக்கு மேலும் போகும். நம் வயல்களின் மேல் போகும் 11 ஆயிரம் வோல்ட் கம்பிகள் அதைவிடத் தாழ்வாகவே இருக்கின்றன, வெயிலில் இன்னும் தொய்ந்திருக்கும். தொட வேண்டும் என்பதில்லை, நெருங்கினாலே பாயும். கம்பிக்கு நேர் கீழே மண் குவிக்க இடம் கொடுக்காதீர்கள், பூமின் எட்டும் தூரத்துக்குள் கம்பி இருந்தால் முன்பே மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்தி வாங்குங்கள். தவறி உரசிவிட்டால் ஆபரேட்டர் கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும், வெளியே உள்ளவர்கள் வண்டியைத் தொடவும் கூடாது, அருகே ஓடவும் கூடாது. மின்னகம் எண் 94987 94987. வண்டி தீப்பிடித்தால் மட்டும் குதிக்கலாம். வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்ந்து விழும்படி குதித்து, காலைப் பிரிக்காமல் தத்தித் தத்தி விலக வேண்டும்.

வண்டி வந்தால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் கூடிவிடுவார்கள். பின்னால் இருக்கும் கவுன்டர் வெயிட் சுழலும்போது அதற்கும் மரத்துக்கும், அதற்கும் சுவருக்கும் நடுவில் சிக்கினால் ஆபரேட்டருக்குத் தெரியவே தெரியாது. பூம் எட்டும் தூரத்துக்கு வெளியே கயிறு கட்டி, ஓர் ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள். அந்த ஒருவர் மட்டும் கை காட்டட்டும். நான்கு பேர் நான்கு பக்கமிருந்து கத்தினால்தான் பைப்பு பிடுங்கப்படும்.

வண்டி வைக்கும்போது

வேளாண்மைப் பொறியியல் துறையின் செயின் வண்டியை இ-வாடகை மூலம் பதிவு செய்யலாம், உழவன் செயலியிலும் வழி உண்டு. மணி வாடகையை அரசு அவ்வப்போது திருத்தும், பதிவு செய்யும் அன்று என்ன தொகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். தனியார் வண்டியானால் டிரெய்லர் செலவு தனி. பக்கத்து நிலத்துக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்து அடுத்தடுத்து வேலை வைத்தால் அந்தச் செலவு பங்காகிவிடும். பாறை வரும் என்று தெரிந்தால் பிரேக்கர் உள்ள வண்டியா என்று முன்பே கேளுங்கள். பிரேக்கர் மாட்டியதும் கேபினில் மோடை மாற்ற வேண்டும், பக்கெட் மோடிலேயே அடித்தால் பிரேக்கர் சீக்கிரம் போகும். ஒரே இடத்தில் அரை நிமிடம் அடித்தும் உளி இறங்கவில்லை என்றால் இடம் மாற்றி அடிக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன் கேபினில் உள்ள மணி மீட்டரை நீங்களே பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், போனில் படம் எடுத்தாலும் சரி. கடைசி இலக்கம் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறு நிமிடம். 3.5 என்றால் மூன்று மணி ஐந்து நிமிடம் இல்லை, மூன்றரை மணி. இந்த மீட்டர் மண் எடுக்கும் நேரத்தை அளப்பதில்லை, இன்ஜின் ஓடும் நேரத்தை அளக்கிறது. எண்ணெய் சூடாக்கும் நேரம், கடைசியில் ஆறவிடும் நேரம், சாப்பாட்டு வேளையில் அணைக்காமல் விட்ட நேரம் இவற்றில் எது உங்கள் கணக்கு, எது அவர் கணக்கு என்று முதலிலேயே பேசிவிட்டால் மாலையில் சண்டை இருக்காது.

வண்டி உள்ளே வர, வெளியே போக ஒரே தடத்தைக் காட்டுங்கள். நிலம் ஈரமாக இருக்கும் நாளில் வண்டியை இறக்கவே வேண்டாம். செயின் எடையைப் பரப்பித்தான் கொடுக்கிறது, ஆனாலும் திரும்பும் இடத்தில் மண்ணைப் பிசைந்து கட்டியாக்கிவிடும். வேலை முடிந்த பிறகு, மண் காய்ந்த பதத்தில் அந்தத் தடத்தில் மட்டும் உளிக்கலப்பையை குறுக்கும் நெடுக்கும் ஓட்டி, அடுத்த மழைக்குப் பின் பசுந்தாள் உரப்பயிர் ஏதாவது விதைத்துவிடுங்கள்.